ஹெரால்ட் காரின் பெல் ஹவுசிங்: ஆமர் வீதி லேத் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கொழும்பில் வேலையாட்களுக்குக் குறைவில்லை. தகர வேலை, வர்ண வேலை, கார்புரேட்டர் சுத்தம் செய்தல், குஷன் தைத்தல் என்று எதற்கும் கிராண்ட்பாஸ் முதல் நுகேகொடை வரை ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கில் ஒரு பகுதி உடைந்துபோனால், அதற்கு மாற்றாக ஒரு பாகத்தை அளவெடுத்துச் செய்து, அதைப் பொருத்திய பிறகும் இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்று அளந்து காட்டக்கூடிய பட்டறை எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தயங்குவார்கள். எனது 1963ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஹெரால்ட் 1200 காருக்கு அந்த வேலையைச் செய்து தந்த பட்டறையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆமர் வீதியை அடுத்த ஓர் ஒழுங்கையில், இரும்புத் தகடும் குழாயும் விற்கும் கடைகளுக்குப் பின்புறம் அது இருக்கிறது. இரண்டு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், தரையில் பூட்டிய ஒரு டிரில், சுவரோரமாக ஒரு கருங்கல் அளவுமேசை ஆகியவைதான் அங்கே உள்ள சாமான்கள். நடத்துபவரை அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். தம் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பாததால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் தொழில் பழகிக் கொழும்புக்கு வந்து, கப்பல் இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை செய்தவர். அந்த அனுபவத்தின் அடையாளம் அவருடைய வேலையில் தெரிகிறது: எதையும் வெட்டுவதற்கு முன்னால் அளக்கிறார், வெட்டிய பின்னும் அளக்கிறார்.

பெல் ஹவுசிங்கைப் பலர் ஃப்ளைவீலையும் (எஞ்சின் தண்டின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) கிளட்சையும் மூடும் வெறும் கூடாகவே நினைக்கிறார்கள். மூடுவது அதன் சிறிய வேலை. எஞ்சினின் பிரதான தண்டான கிராங்க் தண்டின் மையமும் கியர்பொக்ஸின் முதல் தண்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பெரிய பொறுப்பு அதன் தலையில்தான் இருக்கிறது. முதல் தண்டின் மெல்லிய முனை கிராங்க் தண்டின் பின்முனையில் பதிந்துள்ள ஒரு சிறிய வெண்கல புஷ்ஷுக்குள் போய் உட்காருகிறது. அதன் மறுமுனையைக் கியர்பொக்ஸின் முன் பேரிங் தாங்குகிறது. இந்த இரண்டு தாங்குமிடங்களும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் வெண்கல புஷ் முட்டை வடிவில் தேயும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், கார் புறப்படும்போது உதறும், முன் பேரிங் முனகத் தொடங்கும், சில வண்டிகளில் கியர் தானாகவே நழுவி வெளியே வரும். இவற்றில் எதைக் கண்டாலும் நாம் முதலில் கிளட்ச் பிளேட்டைத்தான் மாற்றுகிறோம், கொஞ்ச நாளில் அதே குறை திரும்பி வரும்போது புதிய பிளேட்டைத் திட்டுகிறோம்.

பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்துவது அதைச் சுற்றியுள்ள போல்ட்கள் அல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. போல்ட் துளைகள் சற்றுப் பெரிதாகவே இருக்கும். அவை இறுக்கிப் பிடிப்பதற்கு மட்டுமே. இடத்தைத் தீர்மானிப்பவை இரண்டு டவல் பின்கள், அதாவது துளைக்குள் இறுக்கமாக உட்காரும் சிறு உருளைகள். கராஜில் கழற்றும்போது அந்தப் பின்கள் வராமல் அடம்பிடித்தால் சுத்தியலால் அடித்து நசுக்குவதும், தொலைந்தால் அவை இல்லாமலே பூட்டுவதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கிற விஷயங்கள்.

ஹெரால்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலொட்டி வரைந்த இந்தக் கார் 1959இல் 948 சிசி எஞ்சினுடன் வந்தது. 1961இல் எஞ்சின் 1147 சிசி ஆனபோது 1200 என்ற பெயர் பெற்றது. 1971இல் உற்பத்தி நின்றது. அதே 1961இல் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்யத் தொடங்கியதால், இதன் பாகங்களைத் தேடும் நம்மவர்களுக்கு இங்கிலாந்தை விட்டால் தமிழ்நாடு என்று இன்னொரு வாசல் உண்டு. மற்றக் கார்கள் தனிச் சட்டகத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்ட் தனிச் சட்டகத்துடன் வந்தது. பராமரிப்பவருக்கு அது பெரிய வரம். முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். கியர்பொக்ஸை இறக்க எஞ்சினைத் தூக்க வேண்டியதில்லை. முன் இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றிவிட்டுக் காருக்குள் இருந்தபடியே கியர்பொக்ஸை வெளியே எடுக்கலாம். பெல் ஹவுசிங் கியர்பொக்ஸோடு ஒரே வார்ப்பாக இல்லாமல் தனி அலுமினிய வார்ப்பாக இருப்பதும் நன்மையே. இந்த அமைப்பு இல்லாதிருந்தால் நான் சொல்லப்போகும் வேலை இரண்டு மடங்கு செலவில் முடிந்திருக்கும்.

எனது காரில் உடைந்தது, பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே வாங்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் காதுப்பகுதி. ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் சிலிண்டர், கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தள்ளுகிறது. அதே அளவு விசை எதிர்த்திசையில் அந்தக் காதில் இறங்குகிறது. கொழும்பு நெரிசலில் மருதானையிலிருந்து வெள்ளவத்தை வந்து சேர்வதற்குள் அது எத்தனை தடவை என்பதைக் காலி வீதியில் ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறுபது ஆண்டு வயதான வார்ப்பு அந்த இடத்தில் வெடித்திருந்தது. அதோடு, ஃபோர்க் சுழலும் பின் நுழைகிற துளையும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது.

முதலில் அதை ஒரு வெல்டிங் கடையில் ஒட்டினார்கள். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே முறையில்தான் பல இடங்களில் வேலை நடக்கிறது. வார்ப்பைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவினார்கள். கோஸ்டிக் சோடா இரும்பிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக அகற்றும். அலுமினியத்தையோ அரித்துத் தின்றுவிடும். பிறகு முன்சூடு எதுவும் கொடுக்காமல் வெடிப்பின் மேலேயே உருகிய உலோகத்தை ஊற்றி மூடினார்கள். பல ஆண்டுகள் கியர் ஒயிலில் ஊறிய வார்ப்பின் நுண்துளைகளுக்குள் இருக்கும் எண்ணெய், சூடுபடும்போது ஆவியாகி வெல்டிங்குக்குள் குமிழ்களாகத் தங்கிவிடும். வெடிப்பின் அடி நுனி எங்கே முடிகிறது என்று பார்த்து அங்கே ஒரு சிறு துளை போடாவிட்டால், ஒட்டிய இடத்தைத் தாண்டி வெடிப்பு தொடர்ந்து ஓடும். இவை இரண்டுமே நடந்தன. போதாக்குறைக்கு, ஒரே பக்கத்தில் கொடுத்த சூட்டினால் எஞ்சினோடு சேரும் முகமும் திருகிக்கொண்டது. கார் ஓடியது, ஆனால் முன்பு இல்லாத உதறலும் முனகலும் வந்தன. சில மாதங்களில் காது மறுபடியும் பிளந்தது.

மாற்று ஹவுசிங் தேடிப் பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த கடைகளையெல்லாம் கேட்டேன். ஜப்பானிய வண்டிகளின் எந்தப் பாகத்தையும் அரை மணி நேரத்தில் எடுத்துத் தரும் அந்த வட்டாரத்தில் ஹெரால்ட் என்ற பெயரைக் கேட்டதும் வயதானவர்கள் புன்னகைக்கிறார்கள், இளையவர்கள் படம் காட்டச் சொல்கிறார்கள். சென்னையில் உள்ள நண்பர் புதுப்பேட்டையில் தேடிக் கண்டுபிடித்த ஒரு ஹவுசிங்கின் புகைப்படத்தை அனுப்பினார். அது என்னுடையதைவிட மோசமாக உடைந்திருந்தது. இங்கிலாந்தில் பழையது கிடைக்கும். ஆனால் அதுவும் அறுபது ஆண்டு ஒயில் குடித்த அதே வார்ப்புத்தான். அதே காதில் அதே தேய்மானம் இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது.

மாஸ்டரிடம் ஹவுசிங்கைக் கொண்டுபோனபோது அவர் உடைந்த காதை முதலில் பார்க்கவேயில்லை. எஞ்சின் பக்க முகத்தின் மேல் கட்டை விரலை மெல்ல ஓட்டினார். பிறகு அதைக் கருங்கல் மேசையில் கவிழ்த்து வைத்து ஓர் ஓரத்தில் தட்டினார். மறு ஓரம் மெதுவாக ஆடியது.

"தம்பி, காது செய்து தாறது பெரிய வேலை இல்லை. இது எஞ்சினோட சேந்து எங்க நிக்குதெண்டு பாக்காமல் நான் கை வைக்க மாட்டன். கார் எங்க நிக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை வேறு எந்தப் பட்டறையிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. உடைந்த பாகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புவதுதான் வழக்கம். மாஸ்டரோ நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜையும் அதைப் பிடித்து நிறுத்தும் காந்த அடிக்கட்டையையும் ஒரு மரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு, முச்சக்கர வண்டியில் வெள்ளவத்தையில் கார் நின்ற கராஜுக்கே வந்தார்.

அவர் அளந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பட்டறைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே உரியது. கிளட்சைக் கழற்றிவிட்டு, கியர்பொக்ஸ் இல்லாத வெற்று ஹவுசிங்கை எஞ்சினில் பூட்டச் செய்தார். காந்த அடிக்கட்டையை ஃப்ளைவீலின் முகத்தில் ஒட்டி, கேஜின் முனையை ஹவுசிங்கின் பின்புறத்தில் கியர்பொக்ஸ் வந்து உட்காரும் வட்டத் துளையின் உட்சுவரில் தொடவைத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பின், மெக்கானிக் பாஸ் முன்பக்கக் கப்பியில் ஸ்பேனர் போட்டுக் கிராங்க் தண்டை மெதுவாகச் சுற்ற, கேஜின் முள் ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கால் சுற்றுக்கு ஒருமுறை சுவரில் சாக்பீஸால் குறித்தார். முள் 0.42 மி.மீ. அசைந்தது. இந்த வகை இணைப்பில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் எல்லை 0.13 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. முள் காட்டும் அளவு உண்மையான விலகலைப் போல் இரு மடங்கு என்பதால் மையம் 0.21 மி.மீ. தள்ளியிருந்தது.

அடுத்துப் பின்முகத்தின் சாய்வை அளக்கும்போது அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கிராங்க் தண்டுக்கு முன்னும் பின்னும் சிறிது நகர இடம் உண்டு; ட்ரையம்ப் எஞ்சின்களில் அந்த நகர்வைக் கட்டுப்படுத்தும் அரைவட்டத் தட்டுகள் தேய்வது பெயர்போன குறை. சுற்றும்போது தண்டு முன்னும் பின்னும் போனால் கேஜ் காட்டுவது பொய்க் கணக்காகிவிடும். அதனால் அளக்கும் நேரம் முழுவதும் தண்டை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கச் சொன்னார். கையோடு அந்த நகர்வையும் அளந்து, அது சரியாகவே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். அதற்காகத் தனியே பணம் கேட்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் வெடிப்பு எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்த்தார். மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய தீயில் சூடாக்கி, வார்ப்பு வியர்த்துக் கக்கிய எண்ணெயைத் துடைத்து, மறுபடியும் சூடாக்கித் துடைத்து, ஈரம் இல்லை என்று உறுதியான பிறகு சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். சிறிது நேரம் கழித்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தூளைத் தெளித்தபோது, கண்ணுக்குத் தெரியாதிருந்த வெடிப்பு ஒரு சிவப்பு நூலாக மேலெழுந்தது. முன்பு ஒட்டிய வெல்டிங்கின் அடியில் நுழைந்து, விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்துக்கு அது உள்ளே போயிருந்தது. நல்வாய்ப்பாக, ஹவுசிங்கின் பிரதான சுவரை அது தொடவில்லை.

மீண்டும் ஒட்டலாமா, முழு ஹவுசிங்கையும் புதிதாக வார்க்கலாமா என்ற இரண்டையும் நான் கேட்டேன். இரண்டுக்கும் அவர் மறுப்புச் சொன்னார், காரணங்களோடு சொன்னார். முறையாக முன்சூடு கொடுத்து, சிலிக்கன் கலந்த கம்பியால் டிக் வெல்டிங் செய்தால் நல்ல வார்ப்பை ஒட்டலாம். ஆனால் ஒருமுறை கெட்ட வெல்டிங் ஏறிய இடத்தில் அதை நம்பி ஒரு விசையைத் தாங்கவைக்கக் கூடாது என்றார். புதிதாக வார்ப்பதென்றால் மரத்தில் மாதிரி செய்ய வேண்டும். அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு 1.3 பங்கு அளவில் சுருங்குவதால் மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். கடையும் முகங்களுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். மணலில் ஈரம் மிஞ்சினாலோ உலோகம் அளவுக்கு மேல் கொதித்தாலோ ஹைட்ரஜன் புகுந்து வார்ப்பு முழுவதும் ஊசித்துளை விழும். பத்து ஹவுசிங் தேவை என்றால் அது நியாயம், ஒன்றுக்கு அது வீண் செலவு என்பது அவர் தீர்ப்பு. தம்மால் செய்ய முடியாத வேலையைச் செய்ய முடியாது என்று சொல்லும் பட்டறைக்காரரை நான் மதிக்கிறேன். செய்ய முடிந்தாலும் உங்களுக்குத் தேவையில்லை என்று சொல்பவரை அதைவிட அதிகமாக மதிக்கிறேன்.

அவர் தேர்ந்தெடுத்த வழி இது. பழைய காதையும் வெல்டிங்கையும் வெடிப்பையும் சேர்த்து, நல்ல உலோகம் வரும்வரை மில்லிங் மெஷினில் சமதளமாகச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருந்துமாறு புதிய காது ஒன்றை 6061 ரக அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து, போல்ட் போட்டுப் பூட்டுவது. சூட்டுப் பதம் ஏற்றிய அந்தக் கட்டி, மணலில் வார்த்த சாதாரண அலுமினியத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் உறுதியானது. வெல்டிங் செய்தால் அந்தப் பதம் கெட்டு மென்மையாகிவிடும் என்பதால்தான் போல்ட். விசை போல்ட்களை அறுக்கும் திசையில் வரக்கூடாது என்பதற்காக, ஹவுசிங்கில் ஒரு படி வெட்டி, புதிய காதின் அடிப்பகுதி அந்தப் படியில் முட்டி நிற்குமாறு செய்தார். தள்ளும் விசை முழுவதையும் படி வாங்கிக்கொள்கிறது. இரண்டு பின்கள் இடத்தைக் காக்கின்றன. நான்கு போல்ட்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. இந்தப் பகுத்தறிவுதான் நல்ல கைவினைஞரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

போல்ட்டின் மரையிலும் அதே கவனம் இருந்தது. பழைய ஆங்கிலக் கார்களில் ஐந்து பதினாறாம் அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட் அதற்கு வெகு அருகில் இருப்பதால் பலர் அதையே பலவந்தமாகத் திருகி ஏற்றிவிடுகிறார்கள். மரையின் இடைவெளி வேறு என்பதால் இரண்டு சுற்று ஏறிய பின் அலுமினிய மரை கிழிந்து வந்துவிடும். எனது ஹவுசிங்கில் அப்படிக் கெட்டுப்போன துளைகளும் இருந்தன. அவற்றில் உருக்குச் சுருள் மரை பதித்து மூல அளவுக்கே கொண்டுவந்தார். புதிய காதுக்கு, அலுமினியத்துக்குள் போகும் பக்கம் அகன்ற மரையும் நட் ஏறும் பக்கம் நெருங்கிய மரையும் உள்ள ஸ்டட்களைத் தாமே கடைந்தார். மென்மையான உலோகத்தில் அகன்ற மரைக்குத்தான் பிடிப்பு அதிகம். துருப்பிடிக்காத உருக்குப் போடலாமே என்று கேட்டதற்கு, கடற்காற்று வீசும் இடத்தில் அதுவும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும், துத்தநாகம் பூசிய உருக்கே போதும் என்றார். வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்தும் எனக்கு அது பயனுள்ள அறிவுரை.

ஃபோர்க் சுழலும் துளையைப் பெருப்பித்து வெண்கல புஷ் இறக்கினார். திருகிய முகத்தைச் சீவும்போது, தேவைக்கு மேல் ஒரு இழைகூட எடுக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். முகத்தைச் சீவச் சீவ ஹவுசிங்கின் ஆழம் குறையும், ஆழம் குறைந்தால் முதல் தண்டின் முனை கிராங்க் தண்டுக்குள் அதிகமாக நுழைந்து முட்டும். நீலச் சாயம் தடவிக் கருங்கல் மேசையில் உரசிப் பார்த்து, சாயம் சுற்றிலும் சமமாக ஒட்டும் நிலை வந்ததும் நிறுத்திவிட்டார். கடைசியாக மையம். 0.21 மி.மீ. விலகலைச் சரிசெய்ய, ஒரு பாதி மற்றப் பாதியிலிருந்து அந்த அளவே விலகியிருக்கும் இரண்டு படிப் பின்களைக் கடைந்து, விலகலுக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பதித்தார். பிறகு மீண்டும் கராஜுக்கு வந்து அதே முறையில் அளந்தார். முள் 0.06 மி.மீ. மட்டுமே அசைந்தது. அந்த அளவை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

கார் இப்போது முதல் கியரில் உதறாமல் புறப்படுகிறது. மூன்றாம் கியரில் கேட்ட முனகல் முற்றாக நிற்கவில்லை, ஏனென்றால் முன் பேரிங் ஏற்கெனவே சேதமாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கிளட்ச் பெடல் மிதிக்கும் இடம் மாறாமல் நிற்கிறது. ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடிய பின் புதிய காதைத் திரும்பவும் பார்த்தேன்; ஸ்டட்கள் தளரவில்லை, படியின் விளிம்பில் கீறல் கூட இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது நேரம். சில வாரங்கள் என்று சொன்ன வேலை அதைப் போல் இரு மடங்கு காலம் எடுத்தது. துறைமுகத்திலிருந்து அவசர வேலை வந்தால் நம் வேலை மேசைக்கடியில் போய்விடும்; தொலைபேசியில் கேட்டால் கிடைக்கும் பதிலை நம்பாமல் நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது. இரண்டாவது, தொடங்கும்போது எழுத்தில் மதிப்பீட்டுத் தொகை தருவதில்லை. நான் மொத்தமாகக் கொடுத்தது 92,000 ரூபா. அலுமினியக் கட்டி, புஷ், ஸ்டட், பின்கள், கராஜுக்கு வந்து அளந்தது எல்லாம் அதில் அடக்கம். இங்கிலாந்திலிருந்து பழைய ஹவுசிங் ஒன்றை விமானத்தில் தருவித்துச் சுங்க வரியும் கட்டினால் இதைவிட அதிகம் ஆகும் என்று நான் கணக்குப் பார்த்தேன். ஆகவே தொகை நியாயமானதே. ஆனாலும் இறுதித் தொகை என்னவாக இருக்கும் என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. பணமாகவே கொடுக்க வேண்டும், வங்கி அட்டை ஏற்பதில்லை.

மூன்றாவது தோற்றம். புதிய காது பளபளப்பான சதுரக் கட்டியாக, சொரசொரப்பான பழைய வார்ப்பின் மேல் தனியாகத் தெரிகிறது. மூலத் தோற்றம் மாறாத கார்களுக்குப் பரிசு தரும் கண்காட்சிக்கு அனுப்புபவர்களுக்கு இது நிச்சயம் உறுத்தும். மணலடித்து நிறத்தை ஒத்துவரச் செய்ய முடியுமா என்று கேட்டதற்கு அவர் ஆர்வம் காட்டவில்லை. எங்கே ஒட்டு இருக்கிறது என்று நாளைக்குப் பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓடுகிற கார் வைத்திருக்கும் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். காட்சிக்கு வைக்கும் காரென்றால் நான் தயங்கியிருப்பேன்.

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் ஹெரால்டும் வீட்டுக் கொட்டகைகளிலிருந்து மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றோடு பல அவசர வெல்டிங்குகளும் வந்தன. புதிய பிளேட் போட்டும் உதறல் நிற்காத ஒரு பழைய கார் உங்களிடம் இருந்தால், அடுத்த பிளேட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஹவுசிங்கை அளக்கச் சொல்லுங்கள். அளப்பதற்கு மட்டும் வருவதற்கும் மாஸ்டர் சம்மதிக்கிறார்; அதற்கான கூலி பெரிய தொகை அல்ல. ஆனால் மைனர் போன்று ஹவுசிங்கும் கியர்பொக்ஸ் கூடும் ஒரே வார்ப்பாக உள்ள கார்களுக்கு, கியர்பொக்ஸை முழுவதும் பிரித்து வெறும் கூட்டைக் கொண்டுவந்தால்தான் அவர் அளப்பார். அதற்கான கூலியைக் கராஜில் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

போகிறவர்கள் உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். பழைய காதின் துண்டுகளைச் சேர்த்து வைத்துத்தான் அவர் சிலிண்டரின் சாய்வுக் கோணத்தை எடுத்தார். ஸ்லேவ் சிலிண்டர், ஃபோர்க், ரிலீஸ் பேரிங், கழற்றிய போல்ட்கள், நசுங்கியிருந்தாலும் டவல் பின்கள் ஆகியவையும் தேவை. ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எனது காதுக்கு வரைந்த அளவுப் படத்தை அவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார், இன்னொருவர் கேட்டால் அதைப் பயன்படுத்தலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன், ஆகவே அடுத்தவருக்கு வேலை விரைவாகவும் மலிவாகவும் முடியும். பட்டறை காலை எட்டரைக்குத் திறக்கும். சனிக்கிழமை மதியத்துக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமையும், போயா தினங்களிலும் மூடியிருக்கும். ஆமர் வீதியில் லொறிகள் சாமான் இறக்கும் நேரத்தில் காரை நிறுத்த இடம் கிடைக்காது என்பதால் ஹவுசிங்கை முச்சக்கர வண்டியில் கொண்டுபோவதே வசதி.